பாட்டியிடம் கேட்காமல் பாட்டியைப் பற்றி எழுதாதீங்க

1/ எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற தம்பி தங்கைகள், அவங்களுக்குப் பாடம் எடுக்கிற பேராசிரியர்கள், வீட்டில் வயசானவங்க இருக்கிற எல்லாருக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன்.

2/ எங்க வார்டில் ஒரு பாட்டி. 70-க்கு மேல. இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன் முடிஞ்சது, பார்த்துக்க ஆள் இல்லை. பீல்டு வொர்க்குக்கு வந்த மாணவியை அனுப்பினோம். அரை மணி நேரத்தில் படிவம் ரெடி. விவரம் மொத்தமும் மகனிடம் போனில் கேட்டது. பாட்டியைப் பற்றி ஒரே வரி: "ஒத்துழைக்கவில்லை. மறதி நோய் இருக்கலாம். முதியோர் இல்லத்துக்குப் பரிந்துரை."

3/ பாட்டிக்கு மறதி இல்லைங்க. இடது காது கேட்காது. மாணவி நின்னது இடது பக்கம். வலது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டா, பாஸ்புக் எந்தப் பெட்டியில் இருக்குங்கிறது வரைக்கும் சொன்னாங்க. கவனிச்சுக்கணும்னு சொல்லி மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்ததையும் சொன்னாங்க.

4/ அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. ரெண்டு வருஷப் படிப்பில் முதியோர் பற்றி என்ன கத்துக்கிட்டன்னு கேட்டேன். "ஒரு யூனிட் இருந்துச்சு டாக்டர். அக்டோபர் 1 அன்னிக்கு இல்லத்துக்குப் போய் பழம் கொடுத்தோம்."

5/ பழம் கொடுப்பது தானம். பயிற்சி ஆகாது. 2011 சென்சஸிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவங்க 10 சதவீதத்துக்கு மேல. ஒரு யூனிட் எப்படிப் போதும்?

6/ "வயசானவங்க குழந்தை மாதிரி, அன்பா பேசினா போதும்" என்பாங்க. தப்பு. குழந்தையின் கையெழுத்து செல்லாது. பாட்டியின் கையெழுத்து செல்லும். அதனாலதான் அதை வாங்க ஆள் வருது. எங்கே வாழணும்னு முடிவு செய்வதும் அவங்கதான்.

7/ சொல்லித் தர வேண்டியது என்ன? கண்ணாடி, காது, பல்செட் இருக்கான்னு முதலில் பார்ப்பது. மகனை வெளியே அனுப்பிட்டு தனியா பேசுவது. நேத்து வரை தெளிவா பேசினவர் இன்னிக்கு உளறினா, அதை 'வயசு' என்று எழுதாமல் உடனே டாக்டரிடம் ஓடி வருவது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, ஒரு புது மாத்திரைகூட காரணமா இருக்கும். சரி பண்ணலாம்.

8/ அப்புறம் சட்டம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. பார்த்துக்கணும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கலைன்னா ரத்து செய்யக் கேட்க 23-வது பிரிவு இருக்கு. மனு போடுவது ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில். வழி தெரியலைன்னா 14567 முதியோர் உதவி எண்.

9/ எங்க தப்பையும் சொல்லிடறேன். பெட் காலியாகணும் என்பதற்காகத்தான் நாங்க அந்த மாணவியைக் கூப்பிட்டோம். 'ஆளை எங்கேயாவது அனுப்பு' என்பதுதான் நாங்க கொடுத்த வேலை. அதையே அவங்க செஞ்சாங்க.

10/ கேட்பது ஒண்ணுதான். முதியோர் பணியைக் கட்டாயப் பாடமாக்குங்க. குறைஞ்சது ஆறு வாரம் வார்டிலும் வீடுகளிலும் உட்கார வையுங்க. படிவத்தின் முதல் கேள்வி "உங்களுக்கு என்ன வேணும்?" என்று இருக்கட்டும்.

11/ பாட்டி இப்போ தங்கச்சி வீட்டில். அவங்களே சொன்ன இடம். மனு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கு. பக்கத்தில், வலது பக்கம், உட்கார்ந்து எழுதினது அதே மாணவிதான்.