தேங்கிய நீருக்கு ஒரு வழி

தாய் தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தருகிறாள். மகன் பிழைத்து வீடு திரும்புகிறான். ஒரு மாதம் செல்கிறது. அவன் கால் ஒன்று வீங்குகிறது, அடிவயிறு கனக்கிறது, சிறுநீர் குறைகிறது. தாயின் தானம் வீணாயிற்றே என்று வீடே கலங்குகிறது. ஆனால், குற்றம் எப்போதும் சிறுநீரகத்தின் மேல் இல்லை. அதன் பக்கத்தில் தேங்கிய நீரும் இந்தத் தொல்லையைத் தரும்.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை வெற்றி பெற்றது. அன்று அதிசயம், இன்று பல ஊர்களில் நடக்கிறது. சிகிச்சைக்குப் பிந்திய கவனம்தான் இன்னும் போதவில்லை.

புதிய சிறுநீரகத்தைப் பழையது இருந்த இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி வைத்து, காலுக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய்களுடன் இணைக்கிறார்கள். அக்குழாய்களைச் சுற்றி நூல் போன்ற நிணநீர்க் குழாய்கள் உண்டு. அவை அறுபடும்போது நிணநீர் கசிந்து தேங்கலாம். சிறிய தேக்கம் தானே வற்றிவிடும். பெரிய தேக்கமோ சிறுநீர் இறங்கும் குழாயை நெரிக்கும். ரத்தக் குழாயை அழுத்திக் காலை வீங்க வைக்கும்.

ஸ்கேன் எடுத்தால் தேக்கம் தெரிந்துவிடும். ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தால், அது நிணநீரா, கசிந்த சிறுநீரா என்பதும் விளங்கும். ஆனால் ஊசியால் உறிஞ்சி எடுப்பதோடு விட்டால், நிணநீர் மீண்டும் ஊறுவது உண்டு.

முன்பு இதற்காக வயிற்றைக் கிழித்துத் திறந்தார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து வேறு வழி வந்திருக்கிறது. வயிற்றில் சில சிறு துளைகள். ஒன்றின் வழியே காமிரா, மற்றவற்றின் வழியே கருவிகள். நீர்ப்பைக்கும் வயிற்றறைக்கும் நடுவே உள்ள சவ்வில் ஒரு ஜன்னல் வெட்டிவிடுகிறார்கள். தேங்கிய நீர் வயிற்றறைக்குள் வடிகிறது. அங்குள்ள சவ்வு அதை உறிஞ்சிக்கொள்கிறது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உண்பவர். அவருக்குப் புண் ஆறுவது தாமதம். சீழ் பிடிப்பது சுலபம். ஆகவே காயம் சிறிதாக இருப்பது அவருக்குப் பெரிய லாபம்.

இது எல்லோருக்கும் ஏற்றது அன்று. தேங்கிய நீரில் கிருமி சேர்ந்திருந்தால், அதைக் குழாய் வைத்து உடலுக்கு வெளியேதான் வடிக்க வேண்டும். மேலும், ஜன்னல் வெட்டும் இடத்தருகே சிறுநீர்க் குழாய் ஓடக்கூடும். கத்தி தவறினால் ஆபத்து. பழகிய கை வேண்டும்.

சிறுநீரக மாற்றுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. அவ்வளவு செலவிட்டுப் பொருத்திய உறுப்பு, தாமதமான ஒரு ஸ்கேனால் கெடலாமா? வீட்டுக்கு அனுப்பும்போதே, "கால் வீங்கினால், சிறுநீர் குறைந்தால், அடிவயிறு கனத்தால் உடனே வருக" என்று தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றை நோயாளியின் கையில் தர வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிய நாட்களையும் அதிலேயே குறித்துத் தரலாம். தூரத்துக் கிராமத்தார் சென்னைக்கு அலையாமல், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே அந்த ஸ்கேனை எடுத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும்.

தாய் தந்த தானத்தைக் காப்பதில் மகனுக்கு மட்டுமல்ல, மருத்துவமனைக்கும் அரசுக்கும் பங்கு உண்டு.