ஐந்தாக வெட்டினால் ஆச்சா?

பெங்களூரு மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தாயிற்று. 2025 செப்டம்பரிலிருந்து மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள், தலைக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். எழுநூறு சதுர கி.மீ.க்கு மேல் பரந்து கிடக்கிற ஊரை ஒரே ஆபீஸ் வைத்து மேய்க்க முடியாது, அதிகாரத்தைப் பரவலாக்குகிறோம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பிறந்த அன்றைக்கு அந்த ஐந்தில் ஒன்றிலும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது! பழைய மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 1992-ன் 74-வது சட்டத்திருத்தம். யார் கேட்டார்கள்? பா.ஜ.க. அரசு 198 வார்டுகளை 243 ஆக்கியது. அடுத்து வந்த காங்கிரஸ் அதை 225 ஆக்கியது. பிறகு வார்டு என்ன வார்டு, மாநகராட்சியையே வெட்டுவோம் என்று கிளம்பியது. ஒவ்வொரு முறை கோடு மாறியபோதும் தேர்தல் தள்ளிப்போனது. (மற்றதற்கெல்லாம் அடித்துக்கொள்கிறவர்களுக்கு இதில் மட்டும் என்ன ஒற்றுமை!)

இது புது வித்தையும் இல்லை. 2007-ல் ஏழு நகரசபைகள், ஒரு டவுன் முனிசிபாலிட்டி, 110 கிராமங்களைச் சேர்த்துத்தான் அந்தப் பெரிய மாநகராட்சியை உண்டாக்கினார்கள். அப்போதும் 2010 வரை தேர்தல் இல்லை, அதிகாரிகள் ராஜ்ஜியம். சேர்த்தாலும் தேர்தல் கிடையாது, பிரித்தாலும் கிடையாது. சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை அங்கேயும் கவுன்சிலர் இல்லாமல்தான் வண்டி ஓடியது.

புதுச் சட்டத்தில் ஒரு உருப்படியான விஷயம், மேயர் பதவி இரண்டரை வருடம். ஒரு வருட மேயர் மாலை மரியாதை வாங்கி முடிப்பதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். சரி, இரண்டரை வருடம் உட்கார்ந்து இவர் என்ன செய்வார்? தண்ணீர் வாரியம், பஸ் கழகம், மெட்ரோ எதுவும் அவர் கையில் இல்லை. இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கிற ஆணையத்துக்குத் தலைவர் முதலமைச்சர். ஐந்து மேயர்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு, தலைவர் நாற்காலி மட்டும் இல்லை. ஹூப்ளிக்கும் குல்பர்காவுக்கும் சேர்த்து ஓட்டுக் கேட்கிற ஒருவர், மகாதேவபுராவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் எந்தத் தெருக்காரருக்குப் பதில் சொல்வார்?

எல்லைக்கோடு போடுகிற பேனாவை முதலில் மாநில அரசிடமிருந்து பிடுங்க வேண்டும். கேரளாவில் மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையிலான கமிஷன்தான் வார்டு பிரிக்கிறது. அங்கே 2020 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2025 டிசம்பரில் மறுபடி நடந்தது.