காப்புரிமை 'பப்ளிஷ்' ஆனாலே கிடைச்ச மாதிரியா? கல்லூரி ஆய்வுகள் சந்தைக்கு வராதது ஏன்?

"எங்கள் பேராசிரியரின் காப்புரிமை பப்ளிஷ் ஆகிவிட்டது!" கல்லூரி வாசல்ல பேனர், வாட்ஸ்அப்ல வாழ்த்து மழை. ஆனால் பப்ளிஷ் ஆவது வேறு, காப்புரிமை கிடைப்பது வேறு.

என்ன வித்தியாசம்?

விண்ணப்பித்து 18 மாதங்கள் ஆனால், அது தானாகவே காப்புரிமை இதழில் வெளியாகும். கூடுதல் கட்டணம் கட்டினால் ஒரே மாதத்தில்கூட வெளியாகலாம். கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதுசா என்ற ஆய்வு பெரும்பாலும் அப்போது தொடங்கியிருக்காது. அந்த ஆய்வைத் தனியாகக் கேட்டு விண்ணப்பிக்கணும். 31 மாதங்களுக்குள் கேட்காவிட்டால் கதை முடிஞ்சது.

அப்புறம் ஏன் இவ்வளவு அவசரம்? என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. வெறுமனே வெளியான விண்ணப்பங்களுக்கும் சேர்த்து. 2021-ல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணமும் 80% குறைந்தது. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 8,000 ரூபாய் இருந்த இடத்தில் இப்போது 1,600 ரூபாய்தான். எண்ணிக்கை கூடாமல் என்ன செய்யும்?

பேப்பர் முதலிலா, காப்புரிமை முதலிலா?

ஆராய்ச்சி மாணவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். ஆய்வுக் கட்டுரை முதலில் வெளிவந்துவிட்டால், அந்தக் கண்டுபிடிப்பு 'புதுசு' இல்லை. சில சூழல்களுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு, அதுவும் குறுகலானது. ஐரோப்பாவில் அதைவிடக் கறார்.

வழி இருக்கு. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் கொடுத்தால் போதும். தேதி பதிவான பிறகு பேப்பரை அனுப்பலாம்.

உரிமை யாருக்கு?

அமெரிக்காவில் 1980-ல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிவிட்டது. அதே பாணியில் இந்தியாவில் 2008-ல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. அதனால் இங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதி. வருமானத்தில் மாணவருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சந்தைக்குப் போனது எது?

2017-ல் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் நல்ல உதாரணம். முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினுடன் அதன் ராக்கெட் 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பறந்தது. அங்கே ஆய்வகம், முதலீடு, சோதனைத் தளம், இஸ்ரோவின் ஆதரவு எல்லாம் சேர்ந்து கிடைத்தது. சாதாரணப் பொறியியல் கல்லூரியில் மாதிரியைப் பொருளாக மாற்றுவதற்கே காசு இருக்காது. காப்புரிமை கிடைத்தாலும் 20 ஆண்டுகள் தக்கவைக்கப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டணும். வாங்க ஆள் இல்லாத காப்புரிமைக்கு எந்தக் கல்லூரி கட்டும்?

'எங்களிடம் இத்தனை காப்புரிமை' என்று கல்லூரி விளம்பரம் பார்த்தால், விண்ணப்ப எண்ணைக் கேளுங்க. காப்புரிமை அலுவலக இணையதளத்தில் அதைப் போட்டால் இலவசமாகவே நிலை தெரியும். எத்தனைக்கு கம்பெனிகள் உரிமம் வாங்கியிருக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்க.