சிறைப்பட்ட படகில் தண்ணீர் இறைப்பது யார்?

ரிஷிவந்தியத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் எதற்குப் படகு, கடல் என்று எழுதுகிறார் என்று சிலர் நினைக்கலாம். இங்கிருந்து கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாறிக் கடலூர் போக வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த படகு கல்வராயன் மலையில், கரியாலூர்ப் படகுத்துறையில் இருப்பதுதான். ஆனால் நான் சம்பளம் வாங்கிய வருடங்களில் பெரும்பகுதி பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு இன்ஜின்களோடு போயிற்று. அதனால் "எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைது, படகுகள் பறிமுதல்" என்ற செய்தியைப் படித்ததும், ஆட்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்ற கவலைக்கு அடுத்தபடியாக எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இன்று ராத்திரி அந்தப் படகில் தண்ணீர் இறைப்பது யார்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம், கச்சத்தீவு என்று தொண்டை வறள விவாதிக்கிறார்கள். நம் தலைவர்கள் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எல்லாக் கடிதத்திலும் "படகுகளையும் விடுவிக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். விடுவிக்கும் நாளில் அங்கே படகு என்று ஒன்று இருக்க வேண்டாமா?

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மரப் படகு எதுவானாலும் தண்ணீர் கசியும். புதுப் படகும் கசியும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சும் எண்ணெய்ப் பசையும் வைத்து அடிக்கும் கலப்பத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈரம் உள்ளே வரும். அதைவிட முக்கியமான வழி, இன்ஜினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் ஷாஃப்ட் படகைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடம். அங்கே கிளாண்ட் பேக்கிங் இருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது சூடேறாமல் இருக்க அது கொஞ்சம் சொட்ட வேண்டும் என்பதே அதன் அமைப்பு. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல், மாதத்துக்கு நூற்றிருபது லிட்டருக்கு மேல். படகைக் கட்டிவைப்பவன் அதை இறுக்கிவிட்டுத்தான் இறங்குவான். கைது செய்யப்பட்டு இறங்குகிறவனுக்கு அதற்கு நேரம் கொடுப்பார்களா?

இப்படி வரும் தண்ணீரெல்லாம் இன்ஜினுக்கு அடியில், படகின் அடிவயிற்றில் சேரும். பில்ஜ் என்பது அதைத்தான். கடலில் ஓடும்போது கவலை இல்லை. இன்ஜினோடு பெல்ட் போட்ட பம்ப் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றால் அந்தப் பம்பும் நின்றது. பிறகு பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளியோடு ஒரு ஆள் இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

மழை வந்தால் கணக்கே வேறு. மேல்தளம் ஐம்பது சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது ஐயாயிரம் லிட்டர். பெரும்பகுதி ஓரத்துத் துளைகள் வழியாகக் கடலுக்குப் போய்விடும். பத்தில் ஒரு பங்கு மூடி இடுக்குகளில் இறங்கினாலும் ஐந்நூறு லிட்டர், ஒரே நாளில். ஐப்பசி, கார்த்திகையில் யாழ்ப்பாணத்திலும் ராமேஸ்வரத்திலும் ஒரே மழைதான் பெய்கிறது. போதாக்குறைக்கு, உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் மக்கவைக்கும்.

இன்னொரு விஷயத்தைக் கரையில் இருப்பவர்கள் புரிந்துகொள்வதே இல்லை. படகு ஒரே சீராக மூழ்காது. தண்ணீருக்கு மேலே இருக்கும் பலகைகள் வெயிலில் காய்ந்து சுருங்கி, இடுக்குகள் வாய் பிளந்து நிற்கும். அவை மேலே இருக்கும் வரை பாதகமில்லை. உள்ளே சேர்ந்த தண்ணீரின் எடையில் படகு நாலு விரற்கடை தாழ்ந்தால் அந்த இடுக்குகள் கடல்மட்டத்துக்கு வந்துவிடும். சொட்டியது ஊற்றாகிவிடும். மூன்று மாதம் ஒன்றும் ஆகாமல் நின்ற படகு மூன்றே நாளில் போவது இப்படித்தான். அதற்குள் பேட்டரி முழுகியிருக்கும். அதோடு பம்பும் செத்தது.

நம் ஊர்ப் பக்கம் காவல் நிலைய வளாகங்களில் பார்த்திருப்பீர்கள். சாராயக் கேஸில் பிடித்த பைக், மணல் கேஸில் பிடித்த டிராக்டர் எல்லாம் கொடி படர்ந்து நிற்கும். இப்படி வண்டிகளை வருடக்கணக்கில் போட்டு வைப்பதில் யாருக்கும் பயன் இல்லை, தகுந்த பிணை வாங்கிக்கொண்டு சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. துருப்பிடித்த பைக்கையாவது ஐந்து வருடம் கழித்து எடுத்து, டயர் மாற்றி, கார்புரேட்டர் கழுவி ஓட்டிவிடலாம். படகுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது நிற்கும் இடமே அதற்கு எதிரி.

இனி அக்கரைக்கு வருகிறேன். மயிலிட்டி, காரைநகர், கிராஞ்சி, தலைமன்னார் என்று பிடிபட்ட நம் படகுகள் நிற்கும் இடங்கள் பல. ஆட்களை விட்டுவிடுவார்கள், படகு நிற்கும். உரிமையாளர் தாள்களோடு ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் நேரில் ஆஜராக வேண்டும். பாஸ்போர்ட், விசா, வக்கீல், வாய்தா. 2018-இல் அந்த நாட்டுச் சட்டத்தைத் திருத்தி, படகின் நீளத்தைப் பொறுத்து 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கினார்கள். 2022 பிப்ரவரியில் 105 படகுகளை ஏலம் விடுவதாக அறிவித்தபோது இங்கே பெரிய கூச்சல். எனக்கு ஏலத்தைவிட அந்தச் செய்திகளோடு வந்த படங்கள்தான் வயிற்றெரிச்சல். சாய்ந்து, அரைப்பாகம் முழுகி, பாசி ஏறிய படகுகள். விறகு விலைக்கு மேல் அதற்கு என்ன கொடுப்பான்? கடன் வாங்கி லட்சக்கணக்கில் போட்ட முதலை எந்த நீதிபதியும் அழிக்கவில்லை. இறைக்காத தண்ணீர் அழித்தது.

"எல்லை தாண்டினால் அப்படித்தான்" என்பார் சிலர். நான் இழுவைமடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அது கடலின் அடித்தளத்தையே வாரிக்கொண்டு போகும் தொழில். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதனால் வலை அறுபட்டு நிற்பவர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசும் ஏழை மீனவர்கள்தான். இலங்கை 2017-இல் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது சரி என்றே நினைக்கிறேன். குற்றம் என்று தீர்ப்பானால் படகைப் பறிமுதல் செய்யட்டும். ஆனால் தீர்ப்புக்கு முன்பே படகு கடலுக்கடியில் போய்விட்டால் அதற்குப் பெயர் தண்டனையா? வழக்கு முடியும் வரை அது ஒப்படைக்கப்பட்ட பொருள். அடகுக் கடைக்காரர் உங்கள் வளையலைக் கிணற்றில் போட்டுவிட்டு வட்டி கேட்டால் ஒப்புக்கொள்வீர்களா?

முழுகிய படகால் அந்த ஊர்க்காரர்களுக்கும் நன்மை இல்லை. மயிலிட்டித் துறை 1990 முதல் ராணுவத்தின் கையில் இருந்து, 2017-இல்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அப்படி மீண்ட துறையில் எங்கள் படகைக் கட்ட இடமில்லாமல் இந்தியப் படகுகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று அந்த மீனவர்கள் புலம்புகிறார்கள். நியாயமான புலம்பல். மிதக்கும் படகை ஒரு கயிறு கட்டி நகர்த்திவிடலாம். டீசல் தொட்டியோடு முழுகியதை என்ன செய்வது?

இதில் நம் பக்கமும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். நம் கடலோரக் காவல்படை பிடித்து வந்து துறைமுகங்களில் கட்டும் இலங்கைப் படகுகளுக்கும் இதே கதிதான். ஃபைபர் படகு என்பதால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. சொந்தப் படகையே நாம் என்ன லட்சணத்தில் பார்க்கிறோம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கரையேற்றிக் கலப்பத்துப் பார்த்து வண்ணம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு, "ஆட்டோமேட்டிக் பம்ப் போட்டிருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பம்பின் மிதவை ஸ்விட்சில் வலைத் துண்டு சிக்கியிருக்கும். வடிகட்டியில் பாலித்தீன் பை ஒட்டியிருக்கும். கையால் மிதவையைத் தூக்கிப் பார்த்து, பம்ப் உறுமினால் சரி என்று இறங்கிவிடுவார்கள். அது சோதனையே இல்லை. நாலு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, அது தானாக ஓடித் தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிக்குழாயின் வாய் கடல்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். தாழ இருந்தால் பம்ப் நின்றதும் கடல் அதே குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வரும். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் வால்வை மூடாமல் இறங்குவது அதைவிட மோசம். ஓரங்குலக் குழாய் இரண்டடி ஆழத்தில் கழன்றால் வினாடிக்குச் சுமார் ஒரு லிட்டர். கால் மணி நேரம் சொச்சத்தில் ஒரு டன். சின்னப் பேட்டரி பம்ப் எத்தனை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டும்?

நான் கேட்பது பெரிய அரசியல் தீர்வு இல்லை. அது வரும்போது வரட்டும். இரு நாட்டு அதிகாரிகளும் மீனவர் பிரச்சினைக்காகக் கூடும்போது இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசினால் போதும். படகைப் பிடித்த அன்றே கடல்நீர் வால்வை மூடி, கிளாண்டை இறுக்கி, உள்ளே என்னென்ன இருந்தது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு படகிலும் ஒரு சின்ன சோலார் தகடு, ஒரு பேட்டரி, ஒரு பம்ப். பத்துப் படகுக்கு ஒரு ஆள், தினம் ஒரு தடவை எட்டிப் பார்த்து எழுதி வைக்க. அந்த ஆள் அந்தத் துறையின் உள்ளூர் மீனவராகவே இருக்கட்டும், அவருக்கும் ஒரு கூலி. மாதம் ஒருமுறை நம் துணைத் தூதரகத்திலிருந்து ஒருவர் போய் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் இருக்கிறதே.

செலவு யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். படகு இழந்தவர்களுக்கு லட்சக்கணக்கில் நிவாரணம் கொடுக்கிற தமிழ்நாடு அரசே இதையும் கொடுக்கலாம். அந்த நிவாரணத் தொகையில் ஒரு படகுக்கான பங்கை எடுத்தாலே, ஒரு துறையில் நிற்கும் எல்லாப் படகுகளுக்கும் பம்ப் வாங்கிவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வாங்க வேண்டும். கார்த்திகையில் டெண்டர் விட்டு மாசியில் அனுப்பினால், பம்ப்களை இறக்கி வைக்கப் படகு இருக்காது.