ஒரு பவுண்டுக்கு ஒரு கடற்கரை

1988-இல் இங்கிலாந்தின் வடகிழக்கே, ஹார்டன் என்ற ஊரின் கடற்கரையை நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நிலக்கரித் துறையிடமிருந்து விலைக்கு வாங்கியது. விலை ஒரு பவுண்டு. அது பெருந்தன்மையில் குறைத்த விலையல்ல, கரை இருந்த லட்சணம் அப்படி. அங்கிருந்த சுரங்கங்கள் கல்லும் சேறும் கரித்தூளுமாக வந்த கழிவைப் பல பத்தாண்டுகளாகக் கன்வேயரில் ஏற்றிக் கடலிலேயே கொட்டிவந்தன. 1971-இல் வெளியான ‘கெட் கார்ட்டர்’ படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருப்புக் கரை நினைவிருக்கும். அது பக்கத்து ஊரான பிளாக்ஹால்.

ஹார்டனுக்கு வடக்கே அடுத்த ஊர் ஈசிங்டன் காலியரி. ஊர்ப்பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது. 1899-இல் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். நீர் ஊறும் மணல் குறுக்கிட்டது. தரையையே உறையவைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். கரி மேலே வர 1910 ஆகிவிட்டது. பிறகு சுரங்கம் கடலுக்கு அடியிலேயே மைல்கணக்கில் நீண்டது. மேலே செங்கல் வரிசை வீடுகள். ஒரு பகுதியில் தெருப்பெயர் எல்லாமே ‘ஏ’யில் தொடங்கும், இன்னொன்றில் ‘பி’யில். பெயர் வைத்தவர்களுக்கு அது ஊரல்ல, கிடங்குக் கணக்கு என்று தோன்றும் எனக்கு.

1951 மே 29, விடிகாலை நாலரை மணி தாண்டியிருந்தது. கரி வெட்டும் எந்திரத்தின் மழுங்கிய பற்கள் பாறையிலிருந்த பைரைட்டில் உரசித் தீப்பொறி கிளப்பின. அங்கே தேங்கியிருந்த மீத்தேன் பற்றிக்கொண்டது. அதோடு நின்றிருந்தால் சாவு குறைந்திருக்கும். வெடிப்பின் வேகத்தில் தரையில் படிந்திருந்த கரித்தூள் எழும்பி, அதுவும் தீப்பிடித்துச் சுரங்கப்பாதை நெடுக ஓடியது. ஷிப்ட் மாறும் நேரம் வேறு; வேலை முடிக்கவேண்டியவர்களும் அப்போதுதான் இறங்கியவர்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். 81 பேர் இறந்தார்கள். மீட்கப் போனவர்களில் இருவர் நச்சுக்காற்றுக்குப் பலியானார்கள். 83 பேருக்கும் ஆளுக்கொரு மரம் நட்டிருக்கிறார்கள்.

1984 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குத் திரும்ப நினைத்த ஒரே ஒரு தொழிலாளியை உள்ளே கொண்டுபோக, ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான போலீஸார் ஊருக்குள் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தத்தை வைத்துத்தான் ‘பில்லி எலியட்’ வந்தது. நல்ல படம். ஆனால் அதை எடுக்க 1999-இல் ஈசிங்டனுக்குப் போனபோது அங்கே சுரங்கமே இல்லை. 1993 மே மாதமே மூடிவிட்டார்கள். சுமார் 1,400 பேருக்கு வேலை போனது. சுரங்கக் காட்சிகளுக்கு நார்தம்பர்லாந்து வரை போகவேண்டியிருந்தது. பில்லியின் வீடு இருந்த தெருவையும் சில ஆண்டுகளில் இடித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் கரைக்கு நல்ல காலம் பிறந்தது. 1997 முதல் 2002 வரை ஒரு பெரிய திட்டம் போட்டுக் கழிவுமேடுகளை அள்ளினார்கள். மிச்சத்தை அலை பார்த்துக்கொண்டது. 2001-இல் அந்தக் கடற்கரைக்குப் பாரம்பரியக் கடலோரம் என்ற தகுதியும் கிடைத்தது. சுண்ணாம்புப் பாறை முகடுகளில் நடைபாதை, காட்டுப்பூ, பறவை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை; கருப்புக் கரையை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை.

ஆனால் கரைக்கு வந்த அவசரம் ஊர்க்காரர்களுக்கு வரவில்லை. வேலை தேடுபவர்கள் சண்டர்லாந்துக்கோ அதற்கு அப்பாலோ போகவேண்டும். கடலோரமாகவே ரயில் பாதை இருக்கிறது, ஈசிங்டன் வழியாகவே ரயில் ஓடுகிறது. நிற்பதுதான் இல்லை. ஈசிங்டன், ஹார்டன் நிலையங்கள் இரண்டையும் 1964-இல் மூடினார்கள். ஹார்டனில் புது நிலையம் கட்டி ரயிலை நிறுத்தியது 2020 ஜூனில். ஈசிங்டன்காரர் இன்றும் அங்கே போய்த்தான் ஏறவேண்டும்.