யானையும் தவணையும்

"சங்க இலக்கியமெல்லாம் இன்னைக்கு எதுக்குப்பா?"

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் எல்லா வீட்டிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். நாம் உடனே '2000 வருஷப் பழமை, செம்மொழி' என்று ஆரம்பிப்போம். பிள்ளைகள் செல்போனுக்குத் திரும்பிவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. பழசு என்பதற்காக யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை.

நான் பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இப்போது விதர்பா பக்கம் வேலை. என் தொழிலில் இருந்தே ஒரு காரணம் சொல்கிறேன்.

புறநானூற்றில் 184-ஆம் பாட்டு. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது. விஷயம் இதுதான்: சின்ன வயலாக இருந்தாலும், நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். அதே யானை தானாக உள்ளே புகுந்தால், நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம். ராஜாவும் அப்படித்தான் வரி வாங்க வேண்டும்.

2019 ஜூலையில் பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் இந்தப் பாட்டைச் சொன்னபோது நம் ஆட்களுக்கு ஒரே பெருமை. பெருமைப்படட்டும். ஆனால் இது அதிகாரத்தில் இருப்பவன் முகத்துக்கு நேரே சொன்ன புத்திமதி.

அதிகாரம் ராஜாவுக்கு மட்டுமா? தவணை கட்ட முடியாமல் எதிரே நிற்கும் விவசாயியைப் பொறுத்தவரை, நாற்காலியில் இருக்கும் என்னைப் போன்றவனும் ஒரு குட்டி யானைதான். விதைப்பு நேரத்தில் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு வந்தால் வசூல் கணக்கு அழகாக இருக்கும். அடுத்த அறுவடைக்கு அவர் எங்கே போவார்? நம் கடன் எங்கே போகும்?

வசூலே கூடாது என்று பிசிராந்தையார் சொல்லவில்லை, கவனியுங்கள். யானைக்குச் சோறு போட்டே ஆக வேண்டும். டெபாசிட் போட்டவர் பணமும் திரும்பி வந்தே ஆக வேண்டும். எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி. பொதுவாகக் கடன்களுக்கு 90 நாள் கெடு. குறுகிய காலப் பயிர்க்கடன் என்றால் 2 சாகுபடிப் பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. விதி நாள் கணக்கோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் நியாயத்தைப் பாட்டு சொல்லிவிடுகிறது.

இன்னொரு விஷயம். எதிரி நாட்டு வயலை எரித்த மன்னனைப் புகழும் பாட்டுகளும் இதே புறநானூற்றில் உண்டு. அதை மறைக்காதீர்கள். இரண்டையும் படித்துக் காட்டி, "நீ யார் பக்கம்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நன்றாகச் சண்டை போடட்டும். இலக்கியம் படிப்பது அதற்காகத்தானே!

தமிழ் வாசிக்க வராத பிள்ளையா? ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் 1999-இல் புறநானூற்றை முழுசாக இங்கிலீஷில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு அப்புறம் ஒரு பாட்டு, பத்து நிமிஷம் போதும்.

மார்க் கிடைக்காதுதான். ஆனால் நம் பிள்ளைகளும் நாளைக்கு ஏதோ ஒரு நாற்காலியில் உட்காரத்தான் போகிறார்கள். எதிரே ஒருவர் வந்து நிற்கும்போது அந்த வயலும் யானையும் ஞாபகம் வந்தால் எனக்கு அது போதும்.