நடுங்கிய கையை மறைக்காத மனிதர்

 

1996 ஜூலை 19. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தொடக்க விழா. ஜோதியை ஏற்றப்போவது யார் என்பதைக் கடைசி நிமிடம்வரை மறைத்து வைத்திருந்தார்கள். உயரத்தில், வெள்ளை உடையில் ஒரு மனிதர் வந்து நின்றார். வலது கையில் தீப்பந்தம். இடது கையோ கட்டுக்கடங்காமல் உதறிக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான மக்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கையை அவர் சட்டைப்பைக்குள் ஒளிக்கவில்லை. நடுங்கியபடியே ஜோதியை ஏற்றினார். அவர்தான் முஹம்மது அலீ!

அவருடைய குத்துச்சண்டைக் கதை உங்களுக்கு மனப்பாடம். 1964இல் 22 வயதில் உலகச் சாம்பியன். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தைப் பறிகொடுத்தார். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை ரத்து செய்தது. 1980இல் நம் சென்னைக்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அன்று கூட்டத்தில் நின்று பார்த்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தொடக்கத்தில் அவர் சேர்ந்திருந்த எலைஜா முஹம்மதின் இயக்கம் நம் அகீதாவுக்கு ஒவ்வாதது என்பதையும், 1975க்குப் பின் அவர் அஹ்லுஸ் ஸுன்னாவின் பாதைக்கு வந்ததையும் அறிவீர்கள். அதையெல்லாம் மீண்டும் எழுத இந்தத் தலையங்கம் தேவையில்லை.

நாம் பேசாமல் விட்டது, மேடையை விட்டு இறங்கிய பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையை. 1984இல், 42 வயதில், அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நம் ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். உடல் அசைவை ஒழுங்குபடுத்த மூளை டோபமின் என்றொரு இரசாயனத்தைச் சுரக்கிறது. அதைச் சுரக்கும் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதே இந்நோய். கை நடுங்கும், நடை குறுகும், குரல் தேயும், முகம் சிரிக்க மறந்துவிடும். மாத்திரை உண்டு; முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. தலையில் வாங்கிய குத்துகள்தாம் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நிறுத்திவிடு என்று மன்றாடிய அவருடைய மருத்துவரே 1977இல் விலகிப் போனார் என்பதும், அதன்பிறகும் 1981 டிசம்பர் வரை இவர் மேடை ஏறினார் என்பதும் உண்மை. நல்ல சொல்லைக் கேளாத பிடிவாதம் அவரிடமும் இருந்தது.

எண்ணிப் பாருங்கள்! நாவாலேயே எதிரியை வீழ்த்தியவரிடமிருந்து அல்லாஹ் அந்த நாவைத்தான் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டான். 32 ஆண்டுகள். அவர் மூலையில் போய் முடங்கினாரா? 1990 இறுதியில், வளைகுடாப் போர் மூளவிருந்த வேளையில், பக்தாதுக்குப் போனார். பேசவே சிரமப்பட்ட நிலையில் சதாம் ஹுசைனைச் சந்தித்து, பிணைக்கைதிகளாக இருந்த 15 அமெரிக்கர்களை அழைத்துக்கொண்டு திரும்பினார். 2002இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதிக்க முன்வந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயர் காலில் மிதிபடக் கூடாது என்றார். அங்கே அவருடைய நட்சத்திரம் மட்டும் சுவரில் பதிக்கப்பட்டது. கையெழுத்துக் கேட்டு வருபவர்களுக்கு இஸ்லாத்தைப் பற்றிய சிறு பிரசுரங்களில் கையொப்பமிட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். அந்த நடுங்கும் கையால்தான்.

குடும்ப வாழ்வில் அவர் குறையே இல்லாதவர் என்று எழுத மாட்டேன். மூன்று மணங்கள் முறிந்தன. தம் தவறுகளுக்காக வருந்தியதை அவரே சொல்லியிருக்கிறார். மறைந்தவரைப் புகழ்வதற்காகப் பொய் எழுதுவது நம் வழியல்ல. ஆனால் ஒன்பது பிள்ளைகளின் தந்தை அவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அவர்களோடு தொலைபேசியில் பேசியதை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். பின்னாளில் குரல் மங்கியபோது, பிள்ளைகளுக்குத் தந்தையின் பழைய குரல் அந்த நாடாக்களில் மிஞ்சியிருந்தது. 1986இல் மணந்த மனைவி லோனி, 2016 ஜூன் 3இல் அவர் மறையும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள் உடனிருந்தார். அய்யூப் (அலை) அவர்களின் பொறுமையைக் குர்ஆன் பேசுகிறது, நாமும் மிம்பரில் பேசுகிறோம். அந்தப் பொறுமைக்குப் பக்கத்தில் நின்ற மனைவியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு ஜும்ஆவிலாவது பேசியிருக்கிறோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சகோதரர்களே! இனி நம் கடைவீதிக்கு வருவோம். கை நடுங்கும் பெரியவரைக் கல்லாவிலிருந்து எழுப்பி உள்ளறையில் உட்கார வைத்த கடைகள் எனக்குத் தெரியும். இந்நோயில் எழுத்து சிறுத்துப் போகும், கையெழுத்து மாறும். அப்படி ஒருவருடைய காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அதையே சாக்காக வைத்துப் பங்காளி கணக்கை முடிக்கப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வராததால் ‘அத்தா கோபக்காரர் ஆகிவிட்டார்’ என்று பேரப்பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் தகப்பனை மாடியில் வைக்கிறார்கள். ஸஃப்பில் நாற்காலி போட்டதற்கு யாரோ முகம் சுளித்ததால் ஜமாஅத் தொழுகையையே விட்டவரும் உண்டு. உட்கார்ந்தும், முடியாவிட்டால் படுத்தும் தொழ மார்க்கம் அனுமதித்திருக்க, முகம் சுளிக்க நாம் யார்? இவை எல்லாவற்றையும் விடக் கொடுமை, ‘என்ன பாவம் செய்தாரோ’ என்று கூசாமல் சொல்லும் நாக்கு. அய்யூப் நபி என்ன பாவம் செய்தார்கள்?

இன்னொன்று. இந்நோய்க்கான மாத்திரையை ஒரு நாளில் பலமுறை, நேரம் தவறாமல் போட வேண்டும். ரமளானில் யாரிடமும் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, கட்டிலை விட்டு இறங்க முடியாமல் போனவரை நான் நேரில் பார்த்தேன். நோன்பை விட நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். பிறகு நோற்க வழியில்லாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. முதலில் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேளுங்கள்.

இளைஞர்களே, முஹம்மது அலீயின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். கையுறை மாட்டி, எதிரியைக் கீழே வீழ்த்தி நிற்கும் படம். நல்லது. உங்கள் மஹல்லாவிலும் அவரைப்போல் கை நடுங்கும் ஒருவர் இருப்பார். மகன் துபாயில் இருப்பான்; மனைவி தனியாக அவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருப்பார். இன்று அஸருக்குப் பின் இரண்டு பேராகப் போங்கள். மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் உடல் இளகும் என்று கேட்டுவிட்டு, அந்த நேரத்தில் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். நடை மெதுவாகத்தான் இருக்கும், இழுக்காதீர்கள். பேசினால் குரல் கேட்காது. குனிந்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள்.